எந்த விக்ராந்தைச் செய்வது? ஒரே பெயரில் நான்கு மாடல்கள்

விக்ராந்த் நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். அதை வீட்டில் மாடலாகச் செய்ய ஆசைப்படுபவர்களில் மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். "பையனுக்கு விக்ராந்த் செய்து தரணும் சார், எந்தப் படத்தைப் பார்த்துச் செய்யலாம்?" போன மாதம் ஒரு கல்லூரி மாணவி, பாதி முடித்த மாடலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். சன் போர்டை (நுரை பிளாஸ்டிக் அட்டை) அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தார், ஓரத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. முன்பக்கம் அழகாக மேலே வளைந்த ஸ்கி ஜம்ப், அதாவது விமானம் ஓடி ஏறிக் கிளம்பும் சரிவு. அதன் பின்னால் வரிசையாக ஆறு ஸீ ஹாக் போர் விமானங்கள். "ஏதோ இடிக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

இடித்தது இதுதான்: ஸீ ஹாக்கும் ஸ்கி ஜம்ப்பும் அந்தக் கப்பலில் ஒருநாளும் சேர்ந்து இருந்ததில்லை. ஸீ ஹாக் பணியிலிருந்து விலகிய பிறகுதான் ஸ்கி ஜம்ப் வந்தது. அவர் மேல் தவறில்லை. இணையத்தில் விக்ராந்த் என்று தேடினால் அறுபது வருடப் படங்களும் ஒரே பக்கத்தில் கொட்டுகின்றன. பழையது, புதியது என்று இரண்டு கப்பல், இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே அடையாள எண்: ஆர் 11. போதாக்குறைக்கு, பழைய கப்பலே தன் வாழ்நாளில் முகத்தை மாற்றிக்கொண்டது. நடுவில் விராட் என்ற இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலின் படங்களையும் யாராவது விக்ராந்த் என்று போட்டு வைத்திருப்பார்கள்.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தத் தேதி விக்ராந்த்?" தேதியை முடிவு செய்துவிட்டால் தளம், விமானம், கொடி, தண்ணீரில் எழும் அலை வரைக்கும் எல்லாம் தானாக முடிவாகிவிடும். தேதி இல்லாமல் ஆரம்பித்தால் பாதி வேலையில் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இங்கே பேசுவது பெட்டியில் வரும் கிட் பற்றி இல்லை. அட்டை, சன் போர்டு, மெல்லிய பிளாஸ்டிக் ஷீட், மூங்கில் குச்சி என்று கையில் கிடைப்பதை வைத்து நாமே வெட்டி ஒட்டுவது பற்றி. அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் செய்வது பற்றி. முதல் மாடலுக்கு அடிப்பாகம் வேண்டாம். நான் எல்லாவற்றையும் 1:500 அளவில் செய்கிறேன். அதாவது நிஜத்தில் 5 மீட்டர் என்றால் மாடலில் 1 செ.மீ. கணக்குப் போடவும் சுலபம்.

முதலில் இடம். மாடலை வைக்கும் அலமாரி மட்டுமல்ல, வெட்டும் மேசை, அச்செடுக்கும் தாள் எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, தளத்தின் வடிவம்: தட்டையா, முன்னால் ஏறுகிறதா, பக்கத்தில் எவ்வளவு துருத்துகிறது. மூன்றாவது, விமானங்கள். விமானந்தாங்கிக் கப்பலில் பாதி வேலை கப்பலில் இல்லை, விமானத்தில்தான் இருக்கிறது. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நான்காவது, ஆதாரம்: நீங்கள் தேர்ந்தெடுத்த தேதிக்கு நம்பகமான படங்கள் கிடைக்குமா, நேரில் போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா. கடைசியாக, அந்தத் தேதிக்கு ஒரு கதை இருக்கிறதா. வீட்டுக்கு வருபவர் "இது என்ன கப்பல்?" என்று கேட்டால் இரண்டு நிமிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே!

சுருக்கமாக ஒரு பட்டியல் (கேடபுல்ட் என்பது விமானத்தை நீராவி விசையால் தள்ளிக் கிளப்பும் கருவி, அலிசே நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம்):

| | 1961 | 1971 | 1989க்குப் பின் | 2022 முதல் |
|---|---|---|---|---|
| 1:500இல் நீளம் | சுமார் 43 செ.மீ. | சுமார் 43 செ.மீ. | சுமார் 43 செ.மீ. | சுமார் 52 செ.மீ. |
| 1:500இல் அகலம் | சுமார் 8 செ.மீ. | சுமார் 8 செ.மீ. | சுமார் 8 செ.மீ. | சுமார் 12 செ.மீ. |
| தளத்தின் முன்பக்கம் | தட்டை, நீராவி கேடபுல்ட் | தட்டை, நீராவி கேடபுல்ட் | ஸ்கி ஜம்ப், 9.75 டிகிரி | ஸ்கி ஜம்ப், 14 டிகிரி |
| விமானங்கள் | ஸீ ஹாக், அலிசே | ஸீ ஹாக், அலிசே, அலூட் ஹெலிகாப்டர் | ஸீ ஹாரியர், ஸீ கிங், சேத்தக் ஹெலிகாப்டர்கள் | மிக்-29கே, காமோவ்-31, எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்கள் |
| கடற்படைக் கொடி | சிவப்புச் சிலுவையுடன் | சிவப்புச் சிலுவையுடன் | சிவப்புச் சிலுவையுடன் | நீல எண்கோணத்துடன் |
| முதல் மாடலுக்கு | ஓகே | மிகச் சரி | கொஞ்சம் கடினம் | கடினம் |

1961: பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த புதுக்கப்பல்

பழைய விக்ராந்துக்கு முதலில் வைத்த பெயர் ஹெர்குலிஸ். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943 அக்டோபரில், இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்ட ஆரம்பித்தார்கள். 1945 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கியபோது போரே முடிந்துவிட்டது. பாதியில் நின்ற கப்பலை இந்தியா 1957இல் வாங்கி, பெல்ஃபாஸ்டில் உள்ள ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி முடித்தது. சாய்தளம் (நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் கோணமாக விலகும் தரையிறங்கும் பாதை), நீராவி கேடபுல்ட் எல்லாம் அப்போது சேர்த்தவை. 1961 மார்ச் 4 அன்று விஜயலட்சுமி பண்டிட் முன்னிலையில் பணியில் சேர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தது.

மாடலாகச் செய்ய இது சுத்தமான வடிவம். பிற்காலத்தில் ஏறிய கருவிகள் எதுவும் இல்லை. தட்டையான தளம், வலப்பக்கம் ஒடுங்கிய தீவு (தளத்தின் மேல் எழும் கட்டடம்), அதில் ஒரே புகைபோக்கி, கம்பிப் பின்னல் போட்ட மாஸ்ட். துருவே இருக்கக்கூடாது, அப்போதுதான் பெயின்ட் காய்ந்த கப்பல் அது. நீட்டான மாடல் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்வேன்.

இதில் மறைந்திருக்கும் செலவு துப்பாக்கிகள்தான். பணியில் சேர்ந்தபோது கப்பலைச் சுற்றி 40 மி.மீ. போஃபர்ஸ் துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. தளத்தின் ஓரத்தில் பால்கனி மாதிரி துருத்தும் மேடைகளில் அவை உட்கார்ந்திருக்கும். 1:500இல் ஒரு துப்பாக்கி அரிசி மணி அளவுதான். முதல் மூன்றை ஆசையாகச் செய்வீர்கள், நாலாவதில் முதுகு வலிக்கும்.

1971: என் முதல் பரிந்துரை

யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். வெளித்தோற்றத்தில் 1961க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதே தட்டைத் தளம்தான். ஆனால் பின்னால் இருக்கும் கதை வேறு உயரம்.

1971 இந்திய-பாகிஸ்தான் போருக்கு முந்தைய வருடம் விக்ராந்தின் கொதிகலன்களில் வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. சாதாரண வெல்டிங்கால் அடைக்க முடியாத வெடிப்புகள். ஆனாலும் கப்பலைக் கரையில் விட்டுவைக்க மனமில்லாமல், அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வங்கக் கடலுக்குக் கொண்டுவந்தார்கள். சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் இருந்துவிட்டு நவம்பரில் அந்தமான் பக்கம் ஒதுங்கியது. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி அதைத் தேடிக்கொண்டு வந்தது. கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், கப்பல் இன்னும் விசாகப்பட்டினத்தில்தான் நிற்கிறது என்று எதிரி நம்பும்படி ஏற்பாடுகள் செய்தார். டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. மறுநாள் விக்ராந்திலிருந்து ஸீ ஹாக்குகள் கிளம்பி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரையும், அடுத்து சிட்டகாங்கையும் தாக்கின. கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் மகாவீர் சக்ரா பெற்றார். இந்தப் பெயரை இன்னொரு கப்பலுக்கு வைக்கக் காரணமாக இருந்தது இந்த இரண்டு வாரங்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கதை மாடலுக்குள் நேரடியாக வருகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. விமானத்தைக் கிளப்ப வேண்டுமென்றால் கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டும், அப்போதுதான் தளத்தின் மேல் போதுமான காற்று கிடைக்கும். வங்கக் கடலில் டிசம்பரில் காற்றும் குறைவு, கப்பலுக்கு வேகமும் குறைவு. கனமான அலிசேயைக் கிளப்ப நிறையவே திண்டாட்டம். ஆகவே இந்த மாடலுக்கு நீங்கள் கடல் செய்தால், முகப்பில் நுரை பொங்கும் பெரிய அலையைப் போடாதீர்கள். சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு போதும். பின்னால் இழுபடும் நுரைத் தடமும் ஒடுங்கியே இருக்க வேண்டும். என் மாடலில் முதலில் பெரிய அலை போட்டுவிட்டு, கொதிகலன் சங்கதி நினைவுக்கு வந்ததும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். இப்போது அந்த அடங்கிய அலைதான் அந்த மாடலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பார்ப்பவர்கள் ஏன் இப்படி என்று கேட்பார்கள், நான் கொதிகலன் கதையைச் சொல்வேன்.

விமான வேலையும் இதில் கைக்குள் அடங்கும். 1:500இல் ஸீ ஹாக் ஏறக்குறைய 2.4 செ.மீ. நீளம். உடலுக்கு டிக்கா சுடும் மூங்கில் குச்சி சரியான பருமன், 3 மி.மீ. இருந்தால் போதும். முனையைப் பென்சில் சீவுவது மாதிரி சீவி, உப்புத்தாளில் உருட்டினால் மூக்கு வந்துவிடும். இறக்கைக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். ஸீ ஹாக்கின் புகைத்துளை வாலில் இல்லை, இரண்டு பக்கமும் இறக்கை வேரின் பின்னால் இருக்கும். அங்கே ஊசி முனையால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் போதும், தெரிந்தவர்கள் உடனே ஸீ ஹாக் என்று சொல்லிவிடுவார்கள். கேடபுல்ட்டில் ஒன்றை இறக்கை விரித்தும், பின்னால் நிற்பவற்றை இறக்கை மேலே மடித்தும் வையுங்கள். மடித்த இறக்கை என்றால் இடமும் மிச்சம், ஒட்டுவதும் சுலபம். ஸீ ஹாக் எட்டு, அலிசே மூன்று, ஒரு அலூட் இருந்தால் தளம் நிறைந்துவிடும்.

அலிசே மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது. மூக்கில் ஒற்றை புரொப்பெல்லர், இறக்கையின் முன்பக்கம் இரண்டு குமிழ்கள். சக்கரம் மடங்கி உட்காரும் இடம் அது. குமிழை ஃபெவிக்விக்கும் ரவை மாதிரி சமையல் சோடாவும் கலந்து கட்டியாக்கிச் செய்யலாம். ஒரு துளி சோடா, அதன் மேல் ஒரு துளி ஃபெவிக்விக், உடனே கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் தேய்த்து வடிவம் கொண்டுவரலாம். விரலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் செய்தால் இந்த வேலையை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. தளத்தின் வரைபடத்தை ஏ3 தாளில் ஒரே அச்சில் எடுத்துவிடலாம். தாளின் நீளம் 42 செ.மீ., தளமோ 43 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட. நேராகப் போட்டால் முனை வெட்டுப்படும், கொஞ்சம் சாய்த்துப் போட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கும் முன் நான் இரண்டு தாளை ஒட்டி, ஒட்டிய இடத்தில் ஓடுபாதைக் கோடு அரை மில்லிமீட்டர் விலகி, பிறகு முழுவதையும் கிழித்துப் போட்டேன்.

குறை என்று பார்த்தால் படங்கள். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறத்தில் எந்தச் சாம்பல் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நான் தளத்துக்குக் கரும் சாம்பல், உடலுக்கு இளம் சாம்பல் என்று இரண்டு டப்பாக்களில் முடித்துக்கொண்டேன்.

1989க்குப் பின்: ஸ்கி ஜம்ப் ஏறிய பழைய விக்ராந்த்

1983இல் ஸீ ஹாரியர்கள் வந்துவிட்டன. செங்குத்தாக இறங்கக்கூடிய விமானம், கேடபுல்ட் தேவைப்படாத விமானம். சில வருடம் அவையும் அலிசேயும் ஒரே தட்டைத் தளத்தில் இருந்தன. 1987இல் அலிசேயின் கப்பல் வாழ்க்கை முடிந்ததும் கேடபுல்ட்டைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தில் 9.75 டிகிரி ஸ்கி ஜம்ப் வைத்தார்கள். அந்த முகத்தோடுதான் 1994 வரை கடலில் ஓடியது, 1997 ஜனவரி 31 அன்று பணியை முடித்தது.

மும்பையில் அருங்காட்சியகமாக நின்றதும் இந்த முகத்தோடுதான். 2012 வரை மக்கள் ஏறிப் பார்த்தார்கள். நானும் ஒருமுறை ஏறினேன். வெயிலில் தளம் காய்ந்து, செருப்பைத் தாண்டிச் சூடு வந்தது. ஸ்கி ஜம்ப்பின் அடியில் நின்று மேலே பார்த்தபோது, படத்தில் மென்மையாகத் தெரிந்த அந்த ஏற்றம் ஒரு மாடிப்படிச் சரிவு மாதிரி நின்றது. கைப்பிடிக் கம்பிகளில் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அடித்து, விளிம்புகளே வட்டமாகிவிட்டிருந்தன. 2014இல் கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள். அதன் எஃகில் ஒரு பங்கு உருகி பஜாஜ் வி மோட்டார் சைக்கிளில் கலந்தது. அன்று எடுத்த படங்களை இன்னும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நீங்களோ உங்கள் அப்பாவோ, மாமாவோ ஏறியிருந்தால், செய்ய வேண்டியது இந்த விக்ராந்த்தான். வீட்டு ஆல்பத்தில் நீங்கள் நிற்கும் இடத்தை மாடலில் காட்ட முடியும். அந்தச் சந்தோஷத்துக்கு வேறு கணக்கு வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு, ஸ்கி ஜம்ப்பின் வளைவு. சன் போர்டை அப்படியே மடித்தால் ஒரு கோட்டில் முறிந்துவிடும், சரிவாக ஏறாது. அடிப்பக்கத்தில் 3 மி.மீ. இடைவெளியில் குறுக்கே மேலோட்டமாகக் கீறிக்கொள்ளுங்கள், கத்தி பாதி தடிமன்கூடப் போகக்கூடாது. பிறகு ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டிக்கொண்டே மெல்ல மெல்ல வளையுங்கள். அடியில் ஆப்பு மாதிரி வெட்டிய துண்டுகளை முட்டுக் கொடுத்து, ஃபெவிகால் காயும்வரை ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். எனக்கு முதல் இரண்டு முறையும் முறிந்தது. கீறலை ஆழமாகப் போட்ட என் அவசரம்தான் காரணம்.

விமானங்களில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும். ஸீ ஹாரியரின் இறக்கை மடியாது, அதனால் எல்லாம் ஒரே மாதிரி செய்தால் போதும். ஆனால் அந்த இறக்கை இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், அந்தச் சரிவு ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் வராவிட்டால் வரிசையாக வைக்கும்போது பல் ஆடுவது மாதிரி தெரியும். ஒரு அட்டைத் துண்டில் அச்சு செய்து அதன் மேல் வைத்து ஒட்டுங்கள்.

2022 முதல்: கொச்சியில் பிறந்த புதிய விக்ராந்த்

பெயர் வைத்திருப்பவை இரண்டில் இன்று உயிரோடு இருப்பது இது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 2009 பிப்ரவரியில் அடித்தளம் போட்டு, 2013 ஆகஸ்டில் தண்ணீரில் இறக்கி, 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்த்தார்கள். நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர். எடை பழையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு கேஸ் டர்பைன் எஞ்சின்கள், 28 நாட் வேகம். இந்த அளவு விமானந்தாங்கிக் கப்பலை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது இதுவே முதல் தடவை. 76 சதவீதம் உள்நாட்டுப் பொருள் என்று அரசு சொன்னது. செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் இதைக் கேட்பதில் ஆச்சரியமே இல்லை. செய்தியில் பார்த்த கப்பல், பெருமையாகச் சொல்லக்கூடிய கப்பல்.

ஆனாலும் முதல் மாடலாக எடுக்காதீர்கள் என்பேன், காரணம் அளவு. நீளம் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடுகிறது, ஏமாந்துவிடாதீர்கள். அகலம் ஒன்றரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால் தளத்துக்குத் தேவையான பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஏ3 தாளில் எப்படிச் சாய்த்தாலும் அடங்காது. ஒட்டு விழும், ஒட்டு விழுந்த இடத்தில் கோடுகள் விலகும். பெரிய தாளில் அச்செடுக்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். வீட்டு ஷோகேஸில் 52 செ.மீ. நீளமான தட்டு இருக்கிறதா என்றும் முதலில் டேப் வைத்துப் பாருங்கள். ஒரு நண்பர் முடித்துவிட்டுத்தான் அளந்தார். இன்று அந்தக் கப்பல் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் நிற்கிறது.

அடுத்தது, தளம் உடலைத் தாண்டித் துருத்தும் விதம். பழைய கப்பலில் உடலை வெட்டி மேலே தளத்தை மூடி போல வைத்தால் பாதி வேலை முடிந்தது. இதில் இடப்பக்கம் தரையிறங்கும் பாதை வெளியே வெகுதூரம் நீள்கிறது, வலப்பக்கம் தீவும் இரண்டு லிஃப்ட்டும் ஓரத்தில் தொங்குகின்றன. அந்தத் துருத்தல்களின் அடிப்பாகம் எல்லாம் சாய்ந்த தகடுகள். ஒவ்வொரு சாய்வையும் அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்துத்தான் ஷீட்டில் வெட்ட முடியும். பழைய விக்ராந்தில் லிஃப்ட் இரண்டும் தளத்தின் நடுவில் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. அதே சமயம், செய்து முடித்தால் பலனும் உண்டு. ஓரத்து லிஃப்ட்டைக் கீழே இறக்கி வைத்து, திறந்திருக்கும் வாசல் வழியாக உள்ளே ஒரு சின்ன விளக்குப் போட்டால், விமானக் கொட்டகை பக்கவாட்டில் தெரியும். பழையதில் அதைக் காட்டவே முடியாது.

தேதி விஷயத்தில் இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், புதுக் கப்பல்தானே என்று அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். பணியில் சேர்ந்த நாளில் அந்தத் தளத்தில் எந்தப் போர் விமானமும் பறந்து வந்து இறங்கியிருக்கவில்லை. தேஜஸின் கடற்படை வடிவமும் மிக்-29கே விமானமும் முதன்முதலில் வந்து இறங்கியது 2023 பிப்ரவரி 6 அன்றுதான். ஆகவே 2022 விழாக் காட்சி செய்தால் கப்பலை ஜெட்டியில் கட்டி, கடலைக் குளம் மாதிரி அசையாமல் வையுங்கள். ஓடுபாதையில் மிக் பாய்வது வேண்டுமென்றால் தேதியை 2023க்கு நகர்த்துங்கள். தேஜஸ் சோதனைக்காக வந்துபோனது, ஒன்றிரண்டு வைக்கலாம், தளம் நிறைய அடுக்கக்கூடாது. ரஃபேல் கடற்படை விமானம் 26 வாங்க 2025இல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, அதை இப்போதே தளத்தில் நிறுத்துவது அவசரம்.

மிக்-29கே 1:500இல் மூன்றரை செ.மீ. இரட்டை வால், அடியில் இரட்டை எஞ்சின் வாய், மடியும் இறக்கை. குச்சியைச் சீவிச் செய்ய முடியாது, மூன்று அடுக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டித் தேய்க்க வேண்டும். எனக்கு ஒன்று செய்ய ஒரு முழு மாலை போனது. பத்து வேண்டுமென்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, யாருக்கு இது? இரண்டு மாடலாவது முடித்தவர்களுக்கு. பள்ளிக் கண்காட்சிக்காக நான்கைந்து பேர் சேர்ந்து செய்பவர்களுக்கும் இது நல்லது, ஒருவர் உடல், ஒருவர் தீவு, இருவர் விமானம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை, எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்ணப்படங்களும் வீடியோக்களும் கிடைக்கின்றன. கப்பல் கடலில் ஓடிக்கொண்டிருப்பதால் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். தீவின் மேல் ரேடார்களைச் செய்யும்போது, பார்க்கும் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொடி

கடைசியாக ஒட்டும் துண்டு இது, பெரும்பாலான மாடல்கள் தோற்பதும் இங்கேதான். பழைய விக்ராந்த் பணியில் இருந்த காலம் முழுவதும் இந்தியக் கடற்படைக் கொடியில் வெள்ளை மேல் சிவப்புச் சிலுவை இருந்தது, மூலையில் மூவர்ணம். நடுவில் கொடி சில முறை மாறியது, ஆனால் அப்போது விக்ராந்த் என்ற பெயரில் பணியில் கப்பல் எதுவும் இல்லை, நமக்குக் கவலை வேண்டாம். புதிய விக்ராந்த் பணியில் சேர்ந்த அதே நாளில், அதே மேடையில், சிலுவையை எடுத்துவிட்டு நீல எண்கோணம் வைத்த புதிய கொடியை வெளியிட்டார்கள். எனவே கொடி ஒன்றைப் பார்த்தாலே எந்த விக்ராந்த் என்று தெரிந்துவிட வேண்டும். 1:500இல் கொடி உங்கள் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து, நடுவில் மடித்து ஒட்டி, காய்வதற்கு முன் பல்குத்தும் குச்சியில் லேசாக உருட்டினால் காற்றில் அசைவது போல நெளியும். அந்த நெளிவு கப்பலின் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும். விமானத்தைக் கிளப்பும் கப்பல் காற்றை எதிர்த்துத்தான் ஓடும்.

அந்த மாணவிக்கு இரண்டு வழி சொன்னேன்: ஸீ ஹாக்கை எடுத்துவிட்டு ஸீ ஹாரியர் செய்வது, அல்லது ஸ்கி ஜம்ப்பைப் பிரித்துத் தட்டையாக்குவது. அவர் ஸ்கி ஜம்ப்பைப் பிரித்தார். நேற்று புதுப்படம் வந்தது. கேடபுல்ட்டில் ஒரு ஸீ ஹாக், முகப்பில் சின்ன வெள்ளைக் கோடாக அலை, பின்னால் சிவப்புச் சிலுவைக் கொடி. கீழே ஒரு அட்டையில் "4 டிசம்பர் 1971" என்று எழுதி ஒட்டியிருந்தார்.